தண்ணீருக்கு முன்னால் ஒரு வண்டி

அருப்புக்கோட்டை ஷோரூமில் அந்த வண்டியின் மேல் அனுசியா முதன்முதலாக ஏறி உட்கார்ந்தபோது அவளுடைய இரண்டு கால்களும் தரையைத் தொடவில்லை. பெருவிரல் நுனிக்கும் டைல்ஸுக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைக்கலாம். விற்பனைப் பிரிவில் நின்ற பிருந்தா என்கிற பெண் பின்கம்பியை இறுகப் பிடித்திருந்த தயவில்தான் வண்டியும் அவளும் சாயாமல் நின்றார்கள்.

ஸ்கூட்டர்தான். கியர் கிடையாது. ஆனால் பார்வைக்கு ஸ்கூட்டர் மாதிரி இல்லை. கெட்ட பாதைகளுக்கென்றே செய்த ரகமாம். சக்கரம் பெரிது, டயரில் கட்டி கட்டியாக வெட்டு, முன்னால் காற்றை மறிக்கும் கண்ணாடி, வாடிவாசலை விட்டு வெளியே வந்து நிற்கும் காளையின் முகம். கால் வைக்கிற இடத்தில் மற்ற ஸ்கூட்டர்களில் உள்ள தட்டையான பலகையைக் காணோம். அங்கே மாட்டு முதுகெலும்பு போல ஒரு மேடு ஓடியது.

பிருந்தா உள்ளூர்க்காரி. ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"இது உங்களுக்கு உசரம் மேடம். அந்தா, அந்த வரிசையில பாருங்க. ரெண்டு காலையும் ஊணி நிக்கலாம். முன்னாடி மூட்டை வச்சுக்கிறலாம்."

அனுசியாவுக்கு மூட்டை முக்கியம்தான். திருச்சுழிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் சத்துணவு அமைப்பாளர். காலையில் சந்தையில் காய் வாங்கி, பழைய ஸ்கூட்டரின் கால்பலகையில் மூட்டையை நிறுத்தி, பிள்ளையை அணைக்கிற மாதிரி இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டு போய்ச் சேருகிறவள். அந்தப் பலகைதான் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. இருந்தும் அவள் அந்த வரிசைப் பக்கம் திரும்பவில்லை.

"இது கரிசல்ல போகுமா?" என்று கேட்டாள்.

பிருந்தா கொஞ்சம் யோசித்தாள். "மழை பேஞ்ச கரிசல்ல மாடே போகாது மேடம். ஆனா மத்த வண்டி நிக்கிற இடத்துல இருந்து இது இன்னும் கொஞ்ச தூரம் போகும்."

அந்தப் பதிலுக்காகவே அனுசியா அன்றைக்கே வண்டியைப் பதிந்துவிட்டு வந்தாள். உள்ளதைச் சொல்கிற கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது அவள் கணவர் செல்வக்குமாரின் சொல். அவர் சொல்லிவிட்டுப் போனவை நிறைய. அவற்றில் ஒன்றுக்காகத்தான் இந்த வண்டியே.

செல்வக்குமார் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் மினி பஸ் ஓட்டியவர். பிறந்தது குண்டாற்றங்கரையில், காரியாபட்டியிலிருந்து ஆறு திருச்சுழிக்கு இறங்கி வருகிற வழியில் உள்ள பனையேந்தலில். அனுசியா டவுன்காரி. அவளுக்குத் தெரிந்த தண்ணீர் குழாயில் வரும், இல்லாவிட்டால் லாரியில் வரும். ஆறு என்றால் ஒன்று ஓடும், ஒன்று காய்ந்து கிடக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர்தான் சொன்னார், ஆறு வரும் என்று. விருந்தாளி வருகிற மாதிரி, மேற்கேயிருந்து, காய்ந்த மணலின் மேல், நடந்து வரும் என்று.

"தண்ணிக்குத் தலை இருக்கு அனுசியா. அது வெரசா வராது. நாம நடக்கிற நடைதான். எட்டு வயசுல நான் அது கூடவே நடந்து திருச்சுழிப் பாலம் வரைக்கும் வந்திருக்கேன். பாலத்துல சனமா நிக்குது. எங்கடா வருதுன்னு கேக்காக. இந்தா, பின்னாலயே வருதுன்னேன். ஒரு அம்மா என் வாயில சர்க்கரையைப் போட்டுச்சு."

இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் நாக்கு இனிக்கிற மாதிரி உதட்டைச் சப்புவார். அனுசியாவுக்கு அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. அவருக்கும் காட்டியே தீர வேண்டும். ஆனால் ஆறு வருகிற வருஷமே குறைவு. வருகிற வருஷமும் ராத்திரியில் வந்து விடியுமுன் கடந்து போயிருக்கும், அல்லது அவர் வண்டியில் டூட்டியில் இருப்பார். ஒரே ஒரு தடவை நேரம் கூடி வந்தது. இரண்டு பேரும் பழைய ஸ்கூட்டரில் புறப்பட்டார்கள். பனையேந்தல் வண்டிப்பாதையில் ஈரக் கரிசல் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பி அப்பி, கடைசியில் கையால் பிடித்து நிறுத்தியதுபோலச் சக்கரம் நின்றே போனது. கருவேலங்குச்சியை ஒடித்துச் சுரண்டிச் சுரண்டி அவர்கள் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு இரு கரை தொட்டு, என்றைக்கும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது போல ஓடிக்கொண்டிருந்தது.

அனுசியாவுக்கு அதுவே பெரிதாக இருந்தது. அவர் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "தலை போயிருச்சு. இனி வாரது பூராம் உடம்புதான்" என்றார்.

போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில், திருச்சுழி பஸ் ஸ்டாண்டில், வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ வாங்கியவர் அதைக் குடிக்கவில்லை. அந்த ஐப்பசியில் ஆறு வந்ததாம். அனுசியாவின் காதில் அது விழவில்லை. அடுத்த வருஷம் ஆறே வரவில்லை. இந்த வருஷம் மேற்கே மலையில் மழை கூடுதல் என்று பேச்சு அடிபட்டபோது அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். தலை கடந்து போவதற்குள் கரையில் நிற்க வேண்டும். அவர் காட்ட நினைத்ததை அவள் பார்த்துவிட வேண்டும்.

வண்டி வந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் சத்யபிரியா போனில் படத்தைப் பார்த்துவிட்டு, விழுந்தால் யாரம்மா தூக்குவார்கள் என்று கேட்டாள். அந்த மேட்டைத் தாண்டிச் சேலையோடு கால் போட முடியாது என்பதால் ஐம்பதை நெருங்குகிற வயதில் அனுசியா சுடிதாருக்கு மாறினாள். செல்வக்குமாரின் அக்கா பிச்சையம்மாள், பனையேந்தலிலிருந்து ஒரு விசேஷத்துக்கு வந்தவள், வாசலில் நின்ற வண்டியையும் அனுசியாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏத்தா, எந்தம்பி இருக்கிற வரைக்கும் சேலை. இப்ப சுடிதாரு. இந்த ஒட்டகம் அடுத்து என்னத்தக் கேக்குமோ?"

"வண்டி கேக்குது மதினி. நான் என்ன செய்ய?"

"கேக்கும் கேக்கும். ஏணி கேக்கும் பாரு."

அதுவும் பொய்யில்லை. வாசல் படியோரமாக வண்டியை நிறுத்தி, படியிலிருந்து கால் போட்டுத்தான் அனுசியா ஏறினாள். ஆனால் ஏறிப் புறப்பட்ட பிறகு நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். டவுனைத் தாண்டித் திருச்சுழி ரோட்டில் வண்டி வேகம் எடுத்ததும் உலகம் கீழே இறங்கியது. இத்தனை வருஷமும் ரோட்டின் இரண்டு பக்கமும் அவள் கண்டது சீமைக்கருவேல மதில் ஒன்றைத்தான். இப்போது அந்த மதிலுக்கு மேலே அவளுடைய கண் போனது. அதற்கு அப்பால் கரிசல் கிடந்தது. உழுது போட்ட கருப்பு, அதன் மேல் பருத்தியின் இளம்பச்சை, அதற்கும் அப்பால் தனித்தனியாக நிற்கும் பனைகள், எல்லாவற்றுக்கும் பின்னால் வானம் தரையில் வந்து முட்டுகிற கோடு. ஒரு இடத்தில் கண்மாய் ஒன்று, பாதி நிறைந்து, நடுவில் கொக்குகளோடு பளபளத்தது. தினமும் அதன் தோளை உரசிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே ஒரு கண்மாய் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவள் வண்டியை ஓரமாக நிறுத்தப் பார்த்தாள். நிறுத்தினால் கால் எட்டாது என்ற நினைப்பு வந்து, அப்படியே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வண்டிக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்தார்கள். காய் மூட்டை பின்சீட்டுக்கு இடம் மாறி, கிழிந்த டயர் ட்யூபால் கட்டப்பட்டது. எல்லாம் சரியாகத்தான் போனது, சந்தை முக்கில் ஒரு மாடு குறுக்கே வந்து நின்ற காலை வரை. பிரேக் பிடித்தாள். வண்டி நின்றது. இடது காலை நீட்டினாள், தரை வரவில்லை. வண்டி வெகு மெதுவாக, தூக்கத்தில் சாய்கிறவரைப் போல, பூக்காரிகள் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாய்ந்தது. அடி ஒன்றும் பெரிதில்லை. தூக்கிவிட ஆளும் இருந்தது. கத்தரிக்காய்தான் தெருவெல்லாம் உருண்டது.  ஆனால், விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று மகள் கேட்டது ஆற்றங்கரையை நினைத்தபோதுதான் அனுசியாவின் காதில் விழுந்தது.

பந்தல்குடி ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் இம்மானுவேலிடம் போனாள். செல்வக்குமாரின் சிநேகிதன். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, தையல்காரன் மாதிரி அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"உங்க கால வளக்க முடியாது டீச்சர். வண்டியை வேணா உங்க காலுக்குக் கொண்டாந்துருவோம்."

கொண்டுவந்தும்விட்டான். பின்னால் இருந்த ஸ்பிரிங்கைத் தளர்த்தினான். முன்பக்கத்துக் குழாய்களை மேலே ஏற்றிக் கட்டி மூக்கைத் தாழ்த்தினான். பக்கத்துச் சீட்டுக்கடையில் சொல்லி, மெத்தைக்குள் இருந்த ஸ்பாஞ்சை மேலாக்க அரிந்தெடுத்தான். வண்டி தாழ்ந்ததும் சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி மறுபக்கம் விழப் பார்த்தது, ஸ்டாண்டையும் வெட்டினான். சேலையே கட்டாதவளுக்கு சாரி கார்டும் ஒன்று மாட்டினான், அது இல்லாமல் பெண்கள் வண்டியை அனுப்பினால் ராசியில்லை என்று. கடைசியில் அனுசியா ஏறி உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் முழுசாக ஊன்றினாள். டீக்கடையில் நின்றவர்கள் உட்பட எல்லோருக்கும் நிம்மதி.

அவளுக்கும் நிம்மதிதான். மறுநாள் திருச்சுழி ரோட்டில் ஏறுகிற வரை. வண்டி வேகம் எடுத்தது. உலகம் இறங்கவில்லை. கருவேல மதில் திரும்பி வந்துவிட்டது, இரண்டு பக்கமும், முன்னைப் போலவே. காற்றுத் தடுக்கிற கண்ணாடியின் விளிம்பு நேராகக் கண்ணுக்கு முன்னால் ஒரு கோடாக நின்றது. அந்தக் கண்மாய் இருக்கிற இடத்தைக் குத்துமதிப்பாகத் தாண்டினாள். நாலு விரல்கட்டை உயரத்துக்குள் ஒரு நாடே அடங்கிப்போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். இருக்கட்டும், விழாமல் போனால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் பேச்சு கிளம்பியது. காரியாபட்டிப் பக்கம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, யாரோ செல்போனில் படம் அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு முடிந்ததும் அனுசியா தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். தூறல் விழுந்து அடங்கியிருந்தது. பனையேந்தல் வண்டிப்பாதையில் கரிசல் டயரில் ஒட்டியது. ஆனால் பெரிய சக்கரம், மட்கார்டுக்கும் அதற்கும் நல்ல இடைவெளி, அப்பியதை அதுவே உதறிக்கொண்டு போனது. அன்றைக்கு அவரும் அவளும் குச்சியால் சுரண்டிய இடத்தை அவள் நிற்காமலே தாண்டினாள்.

அதற்கு அடுத்ததாகக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்காலின் கரை குறுக்கே கிடந்தது. முழங்கால் உயர மேடு. முன்சக்கரம் ஏறிக் கடந்தது. அடுத்த நொடி வண்டியின் அடிவயிறு கரையின் உச்சியில் உட்கார்ந்துகொண்டது. முன்சக்கரம் அந்தரத்தில், பின்சக்கரம் சேற்றில் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. இரண்டு பாதமும் நன்றாகத் தரையில் ஊன்றியிருந்தன. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இறங்கி, சேற்றில் செருப்பை விட்டுவிட்டு, வெறுங்காலோடு நடந்து பிச்சையம்மாள் வீட்டுக்குப் போனாள். தலை போயிருக்கும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்து பிச்சையம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"தண்ணி வந்துச்சுன்னு யார் சொன்னா ஒனக்கு?"

"காரியாபட்டியில வந்துருச்சாம் மதினி."

"காரியாபட்டியில வந்தா? ஏத்தா, டவுன்காரின்றது சரியாத்தான் இருக்கு. மேல அணைக்கட்டுல இருந்து கண்மாய்க்குத் திருப்பி விட்டுருக்காக. மேலக் கண்மாய் நெறஞ்சு, அவுக பலகையைப் போட்டு அடைச்சாத்தான் தண்ணி ஆத்துல கீழ எறங்கும். இன்னைக்கு நேத்து மொறையா இது? ஒம் புருசன் தலையச் சொன்னானே, இதச் சொல்லலையாக்கும்."

அனுசியா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். தலை போகவில்லை. மேலே எங்கேயோ ஒரு கண்மாய்க்குள் தங்கியிருக்கிறது. அவளுக்கு அந்த நேரத்தில் அது ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டது போல இருந்தது.

ஆட்டுக்கிடை போட்டிருந்த தவசியையும் அவர் மச்சினனையும் கூட்டிப்போய் வண்டியைக் கரையிலிருந்து தூக்கி எடுத்தார்கள். தவசி குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, வயிறு தரையில் இழுபடும்படி வண்டி செய்கிறவர்களும் உண்டா என்று கேட்டார். 

பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குப் பின்னால், சாக்கடை வாய்க்கால் மேல் பாலம் மாதிரி ஒரு பனந்தடி கிடக்கும். பிள்ளைகள் அதில் குதிரை ஏறுகிற மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தினமும் பார்க்கிற காட்சி. அன்றைக்கு அனுசியாவின் கண் அதிலேயே நின்றுவிட்டது. தடியின் மேல்பக்கம் ஒரே மட்டமாகத்தான் கிடக்கிறது. ஆனால் தூர்ப்பக்கம், தடிமனான இடத்தில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கால் தொங்குகிறது. நுனிப்பக்கம், ஒல்லியான இடத்தில் உட்கார்ந்த அதே வளர்த்திப் பிள்ளைக்குக் கால் தரையில் பாவுகிறது. தடிமனில் தொடை அகன்றுபோகிறது. கால் நேராக இறங்குவதில்லை. அவ்வளவுதான் விஷயம். கையில் கரண்டியோடு அவள் அங்கேயே நின்று அதைப் பார்த்தாள். பருப்பு அடிப்பிடித்தது.

மறுநாள் இம்மானுவேலிடம், பிடுங்கினதையெல்லாம் பழையபடி பூட்டச் சொன்னாள். அவன் சாவியைக் கீழே போட்டுவிட்டான்.

"கால் எட்டாதே டீச்சர்."

"உசரத்தைக் குறைக்காத தம்பி. அகலத்தைக் குறை. முன்னாடி தொடை படுற இடத்துல மட்டும் ரெண்டு பக்கமும் ஒல்லியாச் சீவு."

அவன் சீட்டைக் கழற்றித் தொடை படுகிற இடத்தைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு வேலையில் இறங்கினான். அரிந்த ஸ்பாஞ்சைச் சீட்டுக்கடைக்காரர் எப்போதோ தலையணையாக்கிவிட்டார். புது ஸ்பாஞ்சு கொஞ்சம் கெட்டி. சீட்டு முன்னிருந்ததைவிடக் கொஞ்சம் உயரமாகவே அமைந்துபோனது. மூக்குப் பக்கம் மட்டும் உடுக்கையின் இடுப்பு மாதிரி ஒடுங்கியது. வெட்டின ஸ்டாண்டில் ஒரு துண்டை வைத்து வெல்டிங் அடித்தார்கள். காயம் பட்டு ஆறின கால் போல நடுவில் ஒரு புடைப்பு. பிரேக் பிடியை அவள் விரல் போகிற வாக்கில் கீழே திருப்பினான். கண்ணாடியைத் தாழ்த்தி, விளிம்பு அவள் பார்வைக்குக் கீழே போகும்படி செய்தான். சாரி கார்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவைத்தான்.

"ரெண்டு காலும் ஊண முடியாது" என்றான். "இடுப்பை ஒரு பக்கமா இறக்குங்க. ஒத்தக் கால், அதுவும் முன்பாதம். அம்புட்டுத்தான் குடுக்க முடியும்."

"அது போதும்" என்றாள் அனுசியா.

பழக வேண்டியிருந்தது. நின்ற பிறகு காலைத் தேடாமல், நிற்கப்போகும்போதே இடுப்பை நகர்த்த வேண்டும். மாலையில் பள்ளி மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். இடதுகைப் பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகக் கொடுத்தால் வண்டி மனிதர் நடக்கிற வேகத்தில் விழாமல் ஊர்ந்தது. காலைத் தரையில் வைக்காமல் ஒரு முழுச் சுற்று வந்தபோது சமையல் உதவியாளர் கைதட்டினார். திருச்சுழி ரோட்டில் கண்மாய் திரும்பி வந்தது. இப்போது அது நிறைந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிச்சையம்மாளின் போன் வந்தது. மேலக் கண்மாயில் பலகையைப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் ஆற்றில் இறங்கிவிட்டது. மத்தியானத்துக்குள் பனையேந்தலைத் தொடும்.

அனுசியா போனபோது பிச்சையம்மாள் கையில் மஞ்சள், குங்குமம், செவ்வந்திப்பூ, ஒரு தேங்காய் எல்லாவற்றையும் ஒரு தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஆற்றங்கரைக்கு நடந்தே வருவதாகச் சொன்னாள். நடந்தால் தலை போய்விடும் என்றாள் அனுசியா. உரலைப் புரட்டிப்போட்டு, அதன் மேல் ஏறி, தவசி ஒரு பக்கம் தாங்க, பிச்சையம்மாள் ஒட்டகத்தின் மேல் ஏறினாள். ஏறி முடித்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கூரை மேல் காயப்போட்டிருந்த வற்றலை எண்ணிச் சொன்னாள்.

வரத்துக்காலின் கரை வந்தது. முன்சக்கரம் ஏறியது. அனுசியா மூச்சைப் பிடித்தாள். வயிறு எதிலும் தட்டவில்லை. பின்சக்கரம் ஏறி இறங்கியது. பின்னாலிருந்து, "இம்புட்டுத்தானா?" என்றாள் பிச்சையம்மாள்.

ஆறு வெறிச்சென்று கிடந்தது. மிச்சமிருந்த மணல் திட்டுகள், மணல் அள்ளிய பள்ளங்கள், கருவேலங்கன்றுகள், ஆட்டுப்புழுக்கை, ஒரு ஒற்றைச் செருப்பு. வெயில். பிச்சையம்மாள் மேற்கே கையைக் காட்டினாள். ஆற்றின் வளைவில் பறவைகள் தாழப் பறந்துகொண்டிருந்தன. கொக்கு, மைனா, கரிச்சான்கள். ஒரு கூட்டம் எழும்பி, கொஞ்சம் முன்னால் வந்து இறங்கி, மறுபடி எழும்பி, மறுபடி இறங்கி, ஆற்றுக்குள்ளேயே அவை இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தன.

பிறகு சத்தம் கேட்டது. இரைச்சலை எதிர்பார்த்திருந்தாள் அனுசியா. இது ஓலைப்பாயை யாரோ தரையில் மெதுவாக இழுத்து வருகிற சத்தம்.

வளைவைத் திரும்பி அது வந்தது. தண்ணீர் நிறமே இல்லை அதற்கு. நுரையும் சருகும் சுள்ளியும் பனங்கொட்டையும் சேர்ந்த ஒரு பழுப்பு விளிம்பு, ஆற்றின் அகலத்துக்கு, மூச்சு விடுகிற உடம்பு போல ஏறி இறங்கி வந்தது. அதற்கு முன்னால் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. வண்டுகள், சிலந்திகள், ஒரு தேள், அரணைகள் எல்லாம் ஓடின. அவற்றுக்கு முன்னால் பறவைகள், கல்யாணப் பந்திக்கு வந்தவர்கள் போல, கொத்திக் கொத்தித் தின்றுகொண்டே நடந்து வந்தன. ஒரு பள்ளம் வந்ததும் தண்ணீர் நின்றது. யோசிப்பது போலிருந்தது. பள்ளம் குமிழ் விட்டு, மடக் மடக்கென்று குடித்து நிறைந்தது. நிறைந்ததும் தலை மறுபடி அசைந்தது. ஒரு மணல் திட்டைக் கண்டு இரண்டாகப் பிரிந்து, சுற்றிப்போய், அந்தப் பக்கம் ஒன்றை ஒன்று கண்டுபிடித்துச் சேர்ந்துகொண்டது. காய்ந்த மணல் நனைகிற வாசனை எழுந்து கரையை மூடியது.

அனுசியா அழுவோம் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை.  அவர் தலையைச் சொன்னார். தலைக்கு முன்னால் இப்படி ஒரு ஊர்வலம் போகும் என்று சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாமல் இருந்திருக்கும். அல்லது சொல்லி முடியாது என்று விட்டிருப்பார். இதைச் சொல்லி முடியாது என்பது இப்போது அவளுக்கும் தெரிந்தது.

எத்தனையோ தடவை பார்த்தவள்தான் பிச்சையம்மாள். செருப்பைக் கழற்றிப் போட்டு, இறங்கிப்போய், தலை வந்து தொடுகிற இடத்தில் மஞ்சளையும் பூவையும் போட்டாள். தேங்காயை உடைத்தாள். புதிதாகப் பார்க்கிறவள் போலக் கை கூப்பினாள்.

"வா தாயி" என்றாள். தண்ணீர் பூவை எடுத்துக்கொண்டு போனது.

கரைக்கு ஏறி வந்தவள் அனுசியாவின் முகத்தைப் பார்த்தாள். 

"நீ போத்தா. அவன் போன மாதிரி கூடவே போ. நான் நடந்து வீட்டுக்குப் போறேன்."

கரையோரப் பாதையில் அனுசியா வண்டியை எடுத்தாள். இடதுகை பிரேக்கை லேசாகப் பிடித்தது. வலதுகை கொஞ்சமாகக் கொடுத்தது. வண்டி நடந்தது. கருவேலங்கன்றுகளுக்கு மேலே அவள் பார்வை தடங்கல் இல்லாமல் ஆற்றுக்குள் விழுந்தது. தண்ணீர் நின்ற இடத்தில் அவளும் நின்றாள், இடுப்பை இறக்கி, ஒற்றைக்கால் முன்பாதத்தில். அது அசைந்ததும் அவளும் அசைந்தாள். கொக்குகள் ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தன. பிறகு அவளையும் ஊர்வலத்தில் சேர்த்துக்கொண்டன. வெயில் சாயச் சாயப் பின்னால் ஆறு நீண்டுகொண்டே வந்தது. மேற்கே, அவள் புறப்பட்ட வளைவு வரைக்கும், ஒரே வெள்ளிக் கோடு.

திருச்சுழிப் பாலம் தெரிந்தபோது அதன் கைப்பிடிச் சுவர் நெடுக ஜனம் நின்றது. சொம்பும் பூவும் வைத்துக்கொண்டு பெண்கள், சைக்கிளோடு ஆண்கள். கடைசி வளைவில் தலையைக் கருவேலம் மறைத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கரை மேல் வருகிற உயரமான வண்டி ஒன்றுதான் தெரிந்தது. அதன் மேல் சுடிதார் போட்ட ஒரு அம்மா, நடக்கிற வேகத்தில்.

பாலத்தடியில் அவள் வந்து ஒற்றைக்கால் ஊன்றினாள். மேலேயிருந்து யாரோ கேட்டார்கள், தண்ணி எங்கம்மா வருது என்று.

அனுசியா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஓலைப்பாய் இழுபடுகிற சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"இந்தா" என்றாள். "பின்னாலயே வருது."

முன்வரிசையில் சொம்போடு நின்ற ஒரு பெரிய மனுஷி படியிறங்கி வந்தாள். முடிந்துவைத்திருந்த முந்தானையை அவிழ்த்தாள். அனுசியாவின் வெறும் நெற்றியை அவள் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வண்டி உயரமாக இருந்ததால் குதிகாலை எக்கிக் கையை நீட்டினாள். அனுசியா குனிந்து வாயைத் திறந்தாள்.

நாக்கில் சர்க்கரை கரைந்தபோது, பாலத்தின் மேல் ஜனம் ஒன்றுபோல மூச்சை இழுத்துக்கொண்டது. வளைவைத் தாண்டி, பறவைகள் முதலில் வந்தன.